ஊருணியை ஆழப்படுத்துவதற்கு முன்னால்

எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். பாத்திரம் கழுவலாம், உலை வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை ஊருணியில் பிடித்து வைத்துக்கொண்டு கோடையைத் தாண்ட வேண்டும். காவிரிக் குழாய் வந்துவிட்டது, சரி. அது வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் போவது ஊருணிக்குத்தான்.

தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். அப்பத்தா தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் நன்றாக உரசிவிட்டு ஊற்றி வைப்பார். விடிந்து பார்த்தால் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்திருக்கும். அந்த ருசி கேன் தண்ணீரில் கிடையாது. (எனக்கு ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கோடை வந்தால் ஊர்க்கூட்டத்தில் ஒரே பேச்சு: "இன்னும் ஆழமாத் தோண்டுவோம்." எனக்கு இதில் உடன்பாடில்லை. ஊருணியில் தண்ணீர் நிற்பதே அடியில் இருக்கும் களிமண்ணால்தான். பக்கத்து ஊரில் ஜேசிபி விட்டுத் தோண்டிய வேகத்தில் களி கிழிந்து மணல் தெரிந்தது. அந்த வருஷம் நிரம்பிய தண்ணீர் தை முடிவதற்குள் இறங்கிப்போனது. அப்புறம் கீழிருந்து ஊறியது உப்பு. வண்டலை வழித்து எடுத்ததும் நிறுத்தியிருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது வரத்துக்காலை, அதாவது மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வாய்க்காலை. ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். அதில் கால்வாசி ஓடி வந்தாலும் 10,000 லிட்டர். அது வருகிற வழியில் எங்கள் ஊரில் தார்ச்சாலை போட்டவர்கள் அடியில் குழாய் பதிக்கவில்லை. மழைத் தண்ணீர் சாலைக்கு அந்தப் பக்கம் குளமாய் நிற்கும், இந்தப் பக்கம் ஊருணி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கடைசியில் கோயில் கொடைக்கு வசூலிப்பது போல வீட்டுக்கு வீடு வரி போட்டு, முறைப்படி எழுதிக் கொடுத்துச் சிமென்ட் குழாய் இறக்கினோம். தண்ணீர் ஊருணிக்குள் விழும் முன் மண் தங்கிக்கொள்ள ஒரு வண்டல் குழியும் வெட்டினோம்.

இப்போது மிச்சம் இருப்பது வரத்துக்கால் நெடுக மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம். மேலோடு வெட்டினால் ஒரு மழைக்குத் தழைத்துவிடும். தூரோடு பிடுங்க வேண்டும், அதுவும் புரட்டாசிக்குள். விறகை யார் எடுத்துக்கொள்வது, கூலியை யார் கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.