அட்டன் கோச்சியும் அம்பாசமுத்திரம் ரேடியோவும்

திருநெல்வேலிச் சீமை எனக்குக் கண்வழியாக அறிமுகமாவதற்கு முன்பே காதுவழியாக அறிமுகமாகிவிட்டது. இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு மேலே, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். எங்கள் லயத்திலேயே ஒரு காம்பராவில் (அறையில்) தான் ரேடியோ இருந்தது. இலங்கை வானொலியில் நேயர்கள் விரும்பிக் கேட்ட பாட்டைப் போடுவதற்கு முன் பெயர்களையும் ஊர்களையும் வாசிப்பார்கள். கடையநல்லூர், காயல்பட்டினம், ஆலங்குளம், கோவில்பட்டி என்று வரிசையாக வரும். எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து தபால் அட்டை போட்டவர்கள். பாட்டு தொடங்கியதும் நாங்கள் நெருங்கி உட்காருவோம். அப்பாயிக்கோ பாட்டு முக்கியமில்லை, பெயர்கள்தான் முக்கியம். அவளுடைய மாமனார் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து கங்காணியிடம் கடன்பட்டு வந்தவர். அம்பாசமுத்திரம் என்ற பெயர் காதில் விழுந்தால், "நம் ஊர், நம் ஊர்" என்று எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வாள். அந்த ஊரை அவள் பார்த்ததே கிடையாது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆட்டைப் பங்கு போடுகிறவன்கூட ஆட்டை ஒருமுறை தடவிப் பார்ப்பான். எங்களை யாரும் வந்து பார்த்ததாக நினைவில்லை. எழுபதுகளின் நடுவில் எங்கள் குடும்பத்தின் முறை வந்தது. அட்டன் நிலையத்தில் கோச்சி, அதாவது ரயில், ஏறும்போது எழுந்த ஓலத்தைப் பற்றியும், தலைமன்னார்க் கப்பலைப் பற்றியும், மண்டபம் முகாமைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். கப்பலில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் மடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டிருந்தார். புறப்பட்ட கரையில் பாடிக்கொண்டிருந்த நிலையம் இராமேஸ்வரத்திலும் பாடிக்கொண்டுதான் இருந்தது. முள்ளை அவர் ஒரு மயிரிழைகூடத் திருப்பவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எங்களை வாசலில் நிறுத்தி வைத்தே பேசினார்கள். நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறோமோ என்ற பயம் அவர்களுக்கு. மறுவாழ்வு உதவிக்காக அப்பா ஓர் அலுவலகத்தின் படிகளை ஏறி இறங்கியே செருப்பைத் தேய்த்தார். மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, தெரிந்த வேலைதானே, மணிமுத்தாறு வழியாகப் பஸ் போகிறது என்று யாரோ சொன்னார்கள். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: இனிமேல் தேயிலையைக் குடிப்பேன், கிள்ளமாட்டேன். அப்பா பெட்டிக்கடை வைத்தார்.

எங்களை முதலில் மனிதர்களாக மதித்தவர் கடைத்தெருவில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. காரணம் அவருடைய ரேடியோ. காலையில் கடை திறந்ததும் இலங்கை வானொலி. 'பொங்கும் பூம்புனல்' முடியாமல் பெஞ்சிலிருந்து பலர் எழுந்திருக்கமாட்டார்கள். திருநெல்வேலியில் அகில இந்திய வானொலி 1963இலேயே வந்துவிட்டது. 1197 கிலோஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் சினிமாப் பாட்டு என்றால் முள் கொழும்புப் பக்கம்தான் போகும். இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1952இல் தில்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அரசு வானொலியில் அதை ஒடுக்கினார். நேயர்கள் அலை அலையாக இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித பாரதியைத் தொடங்கி அவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள். அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. போதாததற்கு நடுவில் இருப்பது மன்னார் வளைகுடா. மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வரும். சென்னை எட்டாத இடத்திலும் கொழும்பு எட்டும்.

பள்ளிக்கூடத்தில் என் நிலைமை வேறு. சிலோனிலிருந்து வந்தவள் என்றதும் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றிக் கேட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கே.எஸ். ராஜாவைப் பார்த்திருக்கிறாயா, அப்துல் ஹமீத் எப்படி இருப்பார், ராஜேஸ்வரி சண்முகம் உங்கள் பக்கத்து வீடா? கொழும்பையே நான் பார்த்ததில்லை என்பதை அவர்கள் நம்பவில்லை. அதைவிடப் பெரிய ஏமாற்றம் என் பேச்சு. ரேடியோவில் கேட்கிற அந்த அழுத்தமான தமிழ் என் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள். நான் பேசியதோ தோட்டத்துத் தமிழ், கிட்டத்தட்ட அவர்கள் வீட்டுத் தமிழ். ஆனால் அவர்கள் விடவில்லை. மதிய இடைவேளையில் கைக்குட்டையைச் சுருட்டி மைக்காக்கி என் முன் நீட்டுவார்கள். 'பாட்டுக்குப் பாட்டு' விளையாட்டில் எழுத்துக் கொடுக்கிற அறிவிப்பாளர் வேலை எனக்கென்றே ஆகிவிட்டது. அந்த வேலைக்காகவே வீட்டில் அப்துல் ஹமீதைக் கூர்ந்து கேட்டுப் பழகினேன். ழகரமும் ளகரமும் அவர் வாயில் தனித்தனியாக நிற்கும். கே.எஸ். ராஜா வேறு ரகம். அவர் வேகத்துக்கு மூச்சுப் பிடிக்க வேண்டும், எனக்கு அது ஒத்துவரவில்லை. அப்பாவைக் கேட்டால், மயில்வாகனத்துக்குப் பிறகு அறிவிப்பாளரே இல்லை என்பார். அது வயதின் கட்சி. என் கட்சி ராஜேஸ்வரி சண்முகம்தான்; பாட்டைப் பற்றிப் பேசும்போது அதைத் தானே பாடியதுபோல் உரிமை எடுத்துக்கொள்ளாத குரல்.

அந்தச் சமயத்தில்தான் இலங்கைப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பாட்டு இங்கே தீயாகப் பரவியது. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அது ஓடாத நாளில்லை. ஊரில் எனக்கு அதுவே பட்டப்பெயராயிற்று. பெரியவர்கள்கூட, "சுராங்கனி, ஒரு கட்டு வெற்றிலை எடு" என்பார்கள். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் 'சிலோன்காரி' என்று கூப்பிட்டதற்கு இது எவ்வளவோ தேவலை.

இதுவரை சொன்னது கொண்டுவந்த பாட்டு. இங்கே வந்து கேட்ட பாட்டு வேறு. தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும், தப்புப் பறை அடிப்பார்கள். வில்லுப்பாட்டை நான் கண்டதில்லை. முதல் வருடம் அம்மன் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், மேடைக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து பார்த்தேன். பனை வைரத்தில் செய்த நீண்ட வில். அதன் உடம்பெல்லாம் வெண்கல மணிகள். வில்லை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். புலவர் இரண்டு கையிலும் வீசுகோலை எடுத்து நாணில் அடித்தார். மணிகள் அத்தனையும் ஒன்றாகக் குலுங்கின. குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் ஓங்கித் தட்டியபோது அந்த ஓசை காதுக்கு வருவதற்கு முன் நான் உட்கார்ந்திருந்த தரைக்கு வந்தது. "தந்தனத்தோம் என்று சொல்லியே" என்று புலவர் எடுத்தார். பின்பாட்டுக்காரர்கள் ஆமாம் போட்டுக்கொண்டே போனார்கள். ரேடியோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு ஆமாம் போட ஆளில்லை பாருங்கள்!

அன்று முத்துப்பட்டன் கதை. பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன் சக்கிலியர் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் செத்துத் தெய்வமான கதை. விடியும் மட்டும் அழுதுகொண்டே கேட்டேன். பக்கத்தில் இருந்த ஆச்சி என் முதுகைத் தட்டி, பட்டன் கோயில் மேலேதான் இருக்கிறது, ஆடி அமாவாசைக்குப் போகலாம் என்றாள். நான் திகைத்துப்போனேன். தோட்டத்தில் நாங்கள் கேட்ட கதைகளின் ஊர்கள் எல்லாம் எங்கோ இருந்தன. பொன்னர் சங்கருக்கும் காமனுக்கும் எங்கள் மலையில் ஓர் அடி மண் கிடையாது. இங்கே பாட்டுக்குப் பஸ் போகிறது! பாபநாசத்துக்கு மேலே காரையாறில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். பட்டவராயனாகிவிட்ட முத்துப்பட்டனுக்குப் புதுச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தச் சாமி செருப்பை வாங்கிக்கொள்கிறதோ அந்தச் சாமி நம்மையும் வாங்கிக்கொள்ளும் என்றாள் இறங்கும்போது.

கணியான் கூத்தில் மட்டும் ஒரு சிக்கல். சுடலைமாடன் கொடையில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடப் பறைகளை நெருப்பில் காட்டி முறுக்கேற்றி அடிப்பார்கள். அந்தத் தோல் சத்தம் கேட்டால் அப்பாவுக்கு உட்கார முடியாது. பொழுது விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிடுகிற தப்பைக் கேட்டே ஆயுளில் பாதியைக் கழித்தவர். கூட்டத்தில் எழுந்து நின்றுகொண்டுதான் கூத்துப் பார்ப்பார். பின்னால் இருப்பவர்கள் ஏசுவார்கள்.

அப்பாயி கொண்டுவந்த சொத்து காவடிச் சிந்து. எங்கே கற்றாள் என்று அவளுக்கே தெரியாது; லயத்தில் தைப்பூசக் காவடிக்கு அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அதைச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடினார், ஊற்றுமலை ஜமீன் அவரை ஆதரித்தது, 1891இல் முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார் என்பதெல்லாம் நான் இங்கே படித்துத் தெரிந்துகொண்டது. அந்தப் பாட்டின் முருகன் இருக்கும் கழுகுமலை அப்போது எங்கள் மாவட்டம். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. சென்னிகுளம் இப்போது தென்காசி மாவட்டம். அப்பாயியைக் கழுகுமலைக்கு அழைத்துப் போனபோது படியில் உட்கார்ந்து முழுச் சிந்தையும் பாடினாள். சொற்களில் பாதி தோட்டத்தில் தேய்ந்து உருமாறிப்போயிருந்தன. அர்ச்சகர் ஓரிடத்தில் திருத்தப் பார்த்தார். அவள் அவரைத் திருத்திவிட்டாள்.

அப்பாவின் தெய்வம் நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1921இல் பிறந்து 1964இல் மறைந்தவர். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் சேர்ந்து வரும் 'சிங்கார வேலனே தேவா' 1962இல் வெளிவந்தது. அந்த ஆபேரி ராகத்தைக் கேட்டுவிட்டுத் தோட்டத்திலேயே அப்பா பைத்தியமாகிவிட்டார். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனால் நடுவில் காருகுறிச்சி என்று ஒரு நிலையம் வரும் என்பது அவருக்குத் தெரியாது. பலகையைப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் இறங்கிவிட்டார். வண்டி போய்விட்டது. அம்மா ஜன்னலில் கத்திக்கொண்டே போனாள். அடுத்த வண்டியில் ஒரு மண்பானையோடு வந்து சேர்ந்தார். ஊர் பானைக்குப் பேர்போனது என்று யாரோ சொன்னார்களாம். வித்வான் கோவில்பட்டியில் போய்க் குடியிருந்தவர், சிலைகூட அங்கேதான் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். என்னைக் கேட்டால் அந்தப் பாட்டில் ஜானகிதான் பெரியவர். நாகஸ்வரத்தின் நெளிவுக்கு ஈடாக ஒரு மனிதக் குரல் ஓடுவது சாமானியமில்லை. இதை அப்பா இருக்கும்வரை வீட்டில் சொல்ல முடியவில்லை.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு ரேடியோ கேட்பது முன்போல் இல்லை. அட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றுபோயின. 1984இல் கப்பலும் நின்றது. அண்ணாச்சி கடையில் பாட்டு நடுவே செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டிவிட்டு எங்கள் கடைப் பக்கம் பார்ப்பார். பிறகு டேப் ரெக்கார்டர் காலம். பட்டியல் எழுதிக் கொடுத்து கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கியவர்களுக்கு அறிவிப்பாளர் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டார். இரண்டு பாட்டுக்கு நடுவில் யாராவது பேசினால்தான் பாட்டு யாரோ அனுப்பியதுபோல் இருக்கும்.

கோயில் வரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பார்கள். வரி கொடுக்கிற குடும்பம்தான் ஊர்க் குடும்பம். எங்களிடம் முதலில் 'நன்கொடை' என்றுதான் வாங்கினார்கள். அப்பா பெயர் வரிப் புத்தகத்தில் ஏறிய வருடம், அவர் தன் செலவில் வில்லுக்கு அச்சாரம் கொடுத்தார். அந்தப் பொறுப்பு இப்போது என்னிடம். இளைஞர்கள் வில் கேட்டது போதும், லைட் மியூசிக் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். கடைசியில் ஒரு ராத்திரி அவர்களுக்கு, ஒரு ராத்திரி எனக்கு என்று பேசி முடித்தோம். பாட்டுப் பட்டியலைக் காட்ட வந்தார்கள். அதில் 'சுராங்கனி' இருந்தது. மேடையேறிப் பாட வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். பாடமாட்டேன், அறிவிப்பாளராக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு நிபந்தனை: பாடுகிற பையன் சிங்கள வரிகளைக் கடித்துத் துப்பாமல் பாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.