பின்னால் வந்து இடித்தால் கழுத்துக்கு என்ன ஆகிறது, அதை எப்படிப் பார்த்துக்கொள்வது

கோலாலம்பூர் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மாலை நேர ஜேம். முன்னால் உள்ள கார் நிற்கிறது, நீங்களும் நிற்கிறீர்கள், பின்னால் வருபவர் நிறுத்தாமல் வந்து இடிக்கிறார். பம்பர் லேசாக உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். படம் எடுத்துக்கொண்டு, அடையாள அட்டை (ஐசி) எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் காலையில்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். டாக்டர் மருத்துவ விடுப்புச் சான்றிதழான எம்சியில் விப்லாஷ் என்று எழுதுவது இதைத்தான். இந்தக் காயம் பெரும்பாலும் ஆறக்கூடியது. ஆறவிடாமல் செய்வது பல நேரம் நாம் அதற்குச் செய்யும் வைத்தியம்தான்.

இடி விழுந்ததும் இருக்கை முதுகை முன்னால் தள்ளுகிறது. நாலரை, ஐந்து கிலோ கனமுள்ள தலை உடனே கூட வராது, இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பத்தில் ஒரு நொடிக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னால் மடங்குகிறது, மேல்பகுதி முன்னால் குனிகிறது. தசை இறுகிக் காப்பாற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கழுத்தெலும்புகளின் பின்புறத்தில் இடமும் வலமுமாகச் சிறுசிறு மூட்டுகள் இருக்கின்றன. அந்த மூட்டுகளும் அவற்றைச் சுற்றியுள்ள உறையும்தான் அதிகம் நசுங்கி இழுபடுகின்றன. வீக்கம் மெல்ல மெல்ல ஏறுவதால் வலி சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோகூட வரும். கார் எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்துக் கழுத்தின் நிலையைக் கணக்குப் போட முடியாது.

அந்த உறை எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்று சொன்ன பிறகும் வலி இருந்தால் அது நடிப்பில்லை, டாக்டர் எதையோ தவறவிட்டார் என்றும் அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் ‘கழுத்தின் வளைவு நேராகியிருக்கிறது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் கலங்கிவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களின் படத்திலும் அது சாதாரணமாக இருக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடியது, எது இல்லை என்பது. விப்லாஷை 1995-இல் கனடாவின் கியூபெக் மாகாணக் குழு ஒன்று நிலைகளாகப் பிரித்தது. வலியும் இறுக்கமும் மட்டும் இருந்தால் முதல் நிலை. கழுத்து திரும்பும் அளவு குறைந்து, அழுத்தினால் குறிப்பிட்ட இடங்களில் வலித்தால் இரண்டாம் நிலை. கையில் பலம் குறைவது, மரத்துப்போவது போன்ற நரம்பு அறிகுறி வந்தால் மூன்று. எலும்பு முறிவோ விலகலோ இருந்தால் நான்கு. முதல் இரண்டையும் வீட்டிலும், உடற்பயிற்சியால் குணப்படுத்தும் பிசியோவிடமும் பார்த்துக்கொள்ளலாம். மூன்றும் நான்கும் மருத்துவமனைக்கு உரியவை.

யாருக்குப் படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய அவசரப் பிரிவுகளில் பயன்படும் கனடா விதியை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். வயது 65 அல்லது அதற்கு மேல், கைகால்களில் மதமதப்பு, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் மோதல், வண்டி உருண்டது, ஆள் வெளியே தூக்கி எறியப்பட்டது, இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் படம் எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லை, சாதாரணப் பின்பக்க இடிதான், எழுந்து நடக்கிறார், கழுத்தின் நடுவெலும்பில் அழுத்தினால் வலியில்லை என்றால் தலையை இருபுறமும் 45 பாகை திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள். முடிந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவைப்படாது. இதை அவசரப் பிரிவில் செய்துகாட்டுங்கள், விபத்து நடந்த சாலையோரத்தில் அல்ல. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் தலைக்கவசத்தைக் கழற்ற இழுக்காதீர்கள், எழுப்பி உட்காரவைக்காதீர்கள். 999-ஐக் கூப்பிட்டுவிட்டு, தலை அசையாமல் இருபுறமும் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்தும் ஓட வேண்டிய அறிகுறிகள் உண்டு. இதுவரை வராத வகையில் ஒரு பக்கத் தலைவலியோ கழுத்துவலியோ, பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணிமை தொங்குவது, நடை தள்ளாடுவது. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் இப்படி வரும். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவதும் கால் பலம் குறைவதும் அதே அவசரம். கிளினிக்கில் வரிசை நிற்க வேண்டாம், கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையோ மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அந்தக் கிழிசல் பயத்தால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடி வெட்டும் கடையில் தலையைப் பிசைந்துவிட்டு, கடைசியில் தாடையில் ஒரு கையும் பிடரியில் ஒரு கையும் வைத்து, சட்டென்று திருப்பி ‘டக்’ என்று சொடுக்கு எடுப்பார்கள். அடிபட்ட கழுத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ரத்தக்குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று திருப்புபவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதல் சில நாளில் ஆழமாக அழுத்தி உருவிவிடுவதும் வீக்கத்தை அதிகப்படுத்தும். தைலம் லேசாகத் தேய்த்துக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது காலர். கழுத்துப் பட்டை போட்டால் பாதுகாப்பாக இருக்கும் என்று தோன்றும், வீட்டுப் பெரியவர்களும் ‘அசைக்காதே’ என்பார்கள். எலும்பு முறிவு இல்லாத விப்லாஷில் மென்மையான காலர் பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அசையாத மூட்டு இறுகும், தசை சில நாளிலேயே தளரும், அசைந்தால் ஆபத்து என்று மனமும் பயப்படக் கற்றுக்கொள்ளும். டாக்டர் போடச் சொன்னால் மட்டும் போடுங்கள், அதுவும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு.

வலிக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் எட்டைத் தாண்டாமல். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பனடோலில் உள்ள அதே பாராசிட்டமால் இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கணக்கு வையுங்கள். ஈரல் நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போன்ஸ்டான், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நன்றாகக் கேட்கும், ஆனால் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்தவர், வயிற்றுப்புண் உள்ளவர், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் தானாக வாங்கிப் போடக்கூடாது. காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நம் ஊரில் டிங்கியை நினைக்க வேண்டும், அப்போது இந்த வகை அறவே கூடாது. ஐஸோ சூடோ, எது இதமாக இருக்கிறதோ அதைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம்.

உண்மையான மருந்து அசைவு. ஆபத்தான அறிகுறி இல்லை என்று டாக்டர் சொன்னதும் அன்றே தொடங்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து தலையை மெல்ல வலப்பக்கம் திருப்புங்கள். இழுப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நடுவுக்கு வந்து, இடப்பக்கம். ஒவ்வொரு பக்கமும் பத்து முறை, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை. நாள் முழுவதற்கும் சேர்த்து மாலையில் ஒரேயடியாகச் செய்தால் வலிதான் மிஞ்சும். வலி கொஞ்சம் ஏறி அரை மணி நேரத்தில் இறங்கினால் பரவாயில்லை. மறுநாள் வரை நின்றால் செய்த அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள்.

ஒரு வாரம் போல ஆனதும் கழுத்தின் ஆழத்தில் உள்ள முன்தசைகளை எழுப்ப வேண்டும். விப்லாஷில் தூங்கிவிடுவது இவைதான். முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து, தலைக்குக் கீழே மெல்லிய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். தலையைத் தூக்காமல் ‘சரி’ என்று தலையாட்டுவதுபோல முகவாயை மட்டும் சிறிதாகத் தொண்டைப் பக்கம் இழுங்கள். ஒரு கையின் விரல்களைக் காதுக்குக் கீழிருந்து மார்பின் மேலே உள்ள காறையெலும்பு வரை ஓடும் தடித்த தசையின்மேல் வையுங்கள். அது புடைத்து வந்தால் அதிக பலம் போடுகிறீர்கள், தவறான தசை வேலை செய்கிறது. புடைக்காத அளவுக்குக் குறைத்து, மூச்சை அடக்காமல் ஐந்து நொடி பிடித்து, பத்து முறை. பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும், அதுதான் சரியான அளவு. கூடவே தோள்பட்டைகளைப் பின்னால் கீழ்நோக்கி இழுத்து விடுவதையும் செய்யுங்கள்.

தலைசுற்றல் உள்ளவர்கள் இன்னொன்றையும் சேர்க்கலாம். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையைத் திருப்பி, மறுபடியும் புள்ளிக்கே வந்து கண்ணைத் திறந்து பாருங்கள். விலகி நின்றால் கழுத்து மூளைக்கு அனுப்பும் தகவலில் குழப்பம் இருக்கிறது, பயிற்சியால் அது குறையும்.

தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க முடியும்வரை கார் ஓட்ட வேண்டாம். மோட்டார் அதற்கும் பிறகுதான், தலைக்கவசத்தின் கனமும் கழுத்தில்தான் விழும். அலுவலக வேலைக்குச் சீக்கிரமே போகலாம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் போதும். குப்புறப் படுக்காதீர்கள்.

எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்பார்கள். முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள் வரும். ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஓராண்டு கழித்தும் ஓரளவு வலி மிச்சமிருக்கும். தொடக்கத்திலேயே வலி கடுமையாக இருப்பவர்கள், தூக்கம் கெட்டவர்கள், விபத்தை நினைத்து நடுங்குபவர்கள் நீண்ட நாள் அவதிப்படும் வாய்ப்பு அதிகம். அவர்கள் ஆறு வாரம் காத்திருக்காமல் முதல் இரண்டு வாரத்திலேயே பிசியோவைப் பார்க்க வேண்டும்.

போலீஸ் ரிப்போர்ட்டை 24 மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள். வலி மறுநாள் வந்தாலும் அன்றே கிளினிக் போய், கழுத்து வலி என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க அந்த வரிதான் ஆதாரம். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்திருந்தால் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் கேட்க இடம் உண்டு. முதலாளி தமக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து எம்சி நான்கு நாளாவது இருந்தால் தற்காலிக முடக்கப் பணம் கேட்கலாம்.

காரில் தலை சாய்க்கும் பகுதி பெரும்பாலும் வாங்கிய நாளில் இருந்த உயரத்திலேயே கிடக்கும். அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும், குறைந்தது காதின் மேல்பகுதி வரை. பின்தலைக்கும் அதற்கும் இடையே நான்கு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் இருக்கையின் சாய்வை நிமிர்த்துங்கள். பின்னிருக்கையிலும் இதே அளவுதான், பாட்டியை உட்காரவைக்கும்போதும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.