ஸ்டாக் எண்ணைத் திருத்த ஒரு பட்டன் கேட்டேன்

நாங்கள் எட்டுப் பேர். மோட்டாரும் பம்பும் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை. வேலையில் குறை சொல்ல ஆளில்லை, கணக்கில்தான் இழுபறி. ராக்கில் நான்கு பேரிங் இருப்பதாக ஷீட் சொல்லும், போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. "என் மோட்டார் என்ன ஆச்சு?" என்று வாடிக்கையாளர் போனில் கேட்கும்போது, பதில் தெரிந்த ஒரே ஆள் சாப்பிடப் போயிருப்பார். இதைச் சரிசெய்ய எங்களுக்கென்று ஒரு டேட்டாபேஸ் செய்துகொண்ட கதைதான் இது. ஒன்றரை வருடம் ஆனது, அதில் பாதி என் தப்பால் போனது.

முதலில் எக்செல். பொது ஃபோல்டரில் ஒரு ஷீட். ஒருவர் திறந்து வைத்திருந்தால் அடுத்தவருக்கு 'படிக்க மட்டும்' என்று வரும், அவர் அவசரத்துக்கு வேறு பெயரில் சேமித்துக்கொள்வார். ஒரு கட்டத்தில் 'ஸ்டாக் கடைசி', 'ஸ்டாக் கடைசி புதுசு', 'இதுதான் சரி' என்று மூன்று ஃபைல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ரொம்பத் தப்பாக இருந்தது 'இதுதான் சரி'. மூன்றாவது ராக், நான்காவது தட்டு என்பதற்கு 3-4 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். ஒரு கம்ப்யூட்டரில் மார்ச் 4, இன்னொன்றில் ஏப்ரல் 3, அந்தந்த கம்ப்யூட்டரில் தேதி எப்படி அமைத்திருக்கிறதோ அப்படி. சரி என்று பிறகு டெக்ஸ்ட்டாக மாற்றினால் 45,000 சொச்சம் என்று ஓர் எண் வந்து நிற்கும், அது 1900இலிருந்து எண்ணிய நாள் கணக்கு. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று வைத்திருக்க வேண்டும், எங்களுக்கு அது தெரியவில்லை. எங்கள் ஸ்டோர் அண்ணன் பேரிங் தேடும்போது காலண்டரைப் பார்க்கிறார் என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள்.

ரெடிமேட் சாஃப்ட்வேர் இரண்டை முயன்றோம். வாங்கினோம், விற்றோம் என்பதற்கு நன்றாகவே இருந்தன. ஆனால் எங்களுடையது வாங்கி விற்கும் வேலை இல்லை. ஒரு மோட்டார் உள்ளே வருகிறது, பிரிக்கிறோம், என்னென்ன போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது, விலை சொல்கிறோம், அவர் யோசிக்கிறார், மோட்டார் இரண்டு வாரம் மூலையில் கிடக்கிறது. அந்த மூலைக்கு அந்த சாஃப்ட்வேர்களில் இடமே இல்லை.

அப்புறம்தான் தனியாகச் செய்துகொள்ளலாம் என்று ஒருவரைப் பிடித்தோம். அவர் "என்னென்ன வேணும், சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன். தப்பு அங்கேதான். ஜாப் கார்டுக்கு ஒரு ஃபார்ம் கேட்டேன், நினைவுக்கு வந்ததையெல்லாம் சேர்க்கச் சொன்னதில் அதில் 42 கட்டங்கள் ஆகிவிட்டன. கிரீஸ் கையோடு நிற்கும் ஆள் 42 கட்டத்தை எங்கே நிரப்புவான், எல்லாவற்றிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனான். அதைவிடப் பெரிய கோளாறு, ஸ்டாக் எண்ணைத் திருத்த ஒரு பட்டன் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கியது. எண்ணிப் பார்த்தால் இரண்டுதான் இருக்கிறதா, நான்கை அழித்து இரண்டு போடு, முடிந்தது. மூன்று மாதம் கழித்து எண்கள் அதே மாதிரி பொய் சொல்லிக்கொண்டிருந்தன, ஆனால் யார், எப்போது, ஏன் திருத்தினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. கேட்கலாம் என்றால் செய்து தந்தவர் போனை எடுக்கவில்லை. அட்மின் பாஸ்வேர்டும் சோர்ஸ் கோடும் (அவர் எழுதிய மூல நிரல்) அவரிடமே இருந்தன, எங்களிடம் எழுத்தில் ஒரு வரியும் இல்லை.

இரண்டாவதாக, தெரிந்தவர் மூலம் ஒரு பெண் வந்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு நாள் ஸ்டோர்ல உக்காந்துக்கறேன் சார்" என்றார், ஒரு ஸ்டூலைப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் மத்தியானம் ஒரு பையன் வந்து இரண்டு பேரிங் எடுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, இது எந்த ஜாபுக்கு?"

"எந்த ஜாபும் இல்லம்மா. போட்டுப் பாக்கக் கேட்டான். சரியா இருந்தா வெச்சுப்பான், இல்லேன்னா திரும்ப வரும்."

"திரும்ப வந்தா எங்க எழுதுவீங்க?"

அண்ணன் சிரித்தார். அந்தப் பெண் தன் நோட்டில் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை, ஏனென்றால் இரண்டு வருடமாக யாரோ திருடுகிறார்கள் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். மறுநாள் ஒவ்வொரு மேஜையின் டிராயரையும் திறந்து பார்த்தோம், காணாமல் போனதில் பெரும்பகுதி அங்கேதான் கிடந்தது. "இன்னொரு தடவை தேவைப்படும்னு வெச்சேன்" என்றார்கள்.

அவர் சொன்ன தீர்வு எனக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஸ்டாக்னு ஒரு எண்ணே டேபிள்ல இருக்காது சார். எழுதி வெச்சாதானே திருத்தத் தோணும்." டேபிள் என்றால் டேட்டாபேஸுக்குள் இருக்கும் அட்டவணை. பாஸ்புக் மாதிரி என்று விளக்கினார். பாஸ்புக்கில் பேலன்ஸை யாரும் அழித்து எழுதுவதில்லை, வரவு செலவை எழுதுகிறார்கள், மிச்சம் தானாக வருகிறது. அதேபோல நகர்வுகளுக்கு ஒரு டேபிள்: வந்தது, ஜாபுக்குக் கொடுத்தது, சோதனைக்குக் கொடுத்தது, திரும்பியது, வீணானது, எண்ணும்போது கூடக் குறையக் கண்டது. ஸ்டாக் என்பது இவற்றைக் கூட்டிக் கழித்தால் கிடைப்பது. பழைய வரியை அழிக்க முடியாது, தப்பென்றால் எதிர்வரி எழுத வேண்டும். நான் ஆசைப்பட்ட பட்டன் போயே போச்சு. வாடிக்கையாளர், இயந்திரம், ஜாப், ஸ்பேர், நகர்வு என்று ஐந்தே டேபிள்களைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். இப்படித் தனித்தனி டேபிள்களாக வைத்துப் பொதுவான குறியீட்டால் இணைக்கும் வழிக்கு 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரைதான் தொடக்கமாம். எங்கள் 42 கட்டம் அதற்கும் முந்தைய காலத்தைச் சேர்ந்தது போலிருக்கிறது.

நிரல் எழுதியது ஐந்து வாரம். பெயர்களைச் சுத்தம் செய்ததுதான் முதுகை ஒடித்தது. 6204 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர், அதில் குழப்பமே இல்லை. ஷீட்டில் அது '6204 இசட்இசட்', '6204-இசட்இசட்', '6204 2இசட்', '6204 2ஆர்எஸ்', வெறும் '6204' என்று ஐந்து பெயரில் இருந்தது. முதல் மூன்றும் ஒன்றுதான், இரண்டு பக்கமும் தகட்டு மூடி, கம்பெனிக்குக் கம்பெனி எழுதும் விதம் மாறும். 2ஆர்எஸ் வேறு, அது இரண்டு பக்கமும் ரப்பர் சீல். வெறும் 6204 என்றால் மூடியே இல்லாததா, எழுதச் சோம்பல்பட்டதா? எந்த சாஃப்ட்வேரும் இதைச் சொல்லாது, ராக்குக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அண்ணனும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் செய்தோம்.

தமிழில் அடித்த பெயர்களில் இன்னொரு கூத்து. 'மோட்டார்' என்று தேடினால் பாதி வந்தது, பாதி வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் அச்சாக ஒன்று. விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டரில் எழுத்துகளை எண்களாகப் பதியும் முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். சில கீபோர்டுகளும் பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய ஃபைல்களும் இரண்டாவது விதத்தில் போட்டிருந்தன. டேட்டாபேஸுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் வழி, நாங்கள் எடுத்துக்கொண்ட போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. தமிழில் பெயர் வைப்பவர்கள் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் ஏன் என்றால், மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் டேட்டாபேஸில் போகலாமா என்று முதலில் யோசித்தோம். ஒரு ஃபைல் 2 ஜிபி தாண்டக்கூடாது என்பது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் போனிலிருந்தும் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்க்யூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸின் ஃபைலைப் பொது ஃபோல்டரில் வைத்துப் பல பேர் எழுதுவது வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள், ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு நெட்வொர்க் ஃபோல்டர்களில் சரியாக விழாதாம். கடைசியில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் போஸ்ட்கிரெஸ், பிரவுசரில் திறக்கும் நான்கு பக்கங்கள், அவ்வளவுதான். கொடுக்கல் பக்கத்தில் மூன்றே கட்டங்கள்: என்ன, எத்தனை, எதற்கு.

ஒரு மாதம் பழைய ஷீட்டும் புதியதும் சேர்ந்தே ஓடின. எல்லாருக்கும் எரிச்சல், இரண்டு தடவை எழுத வேண்டுமே. அந்த மாதத்தில்தான் ஒரே ரப்பர் சீல் ஒன்றை இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் எடுத்ததாகப் பதிவாகி இருப்பு மைனஸ் 1 ஆனது. இருவர் திரையிலும் '1 இருக்கிறது' என்றுதான் காட்டியது, இருவரும் பொய் சொல்லவில்லை. கூட்டிப் பார்ப்பதற்கு முன் அந்த ஸ்பேரின் வரியைப் பூட்டிவிட்டு, பிறகு நகர்வை எழுதும்படி அந்தப் பெண் மாற்றினார். இப்போது இரண்டாவது ஆளுக்கு 'இருப்பு இல்லை' என்று வரும்.

பேக்கப் கதையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ராத்திரி ஒரு ஃபைல், தேதியோடு, அழகாக வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் அந்தப் பெண், "ஒண்ண எடுத்து வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணிக் காட்டுங்க சார்" என்றார். எடுத்தேன். 0 பைட். எல்லாமே 0 பைட். பேக்கப் நிரல் பாஸ்வேர்ட் கிடைக்காமல் நின்றுபோயிருந்தது, ஆனால் அது ஓடுவதற்கு முன்பே காலி ஃபைல் உருவாகிவிடும் என்பதால் எனக்குத் தெரியவே இல்லை. பதினாறு நாள் ஒரு பேக்கப்பும் இல்லாமல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது மாதம் ஒருமுறை நானே ரீஸ்டோர் செய்து பார்க்கிறேன். பாஸ்வேர்டும் சோர்ஸ் கோடும் எங்களிடம் இருக்கின்றன, இந்த முறை அதை எழுதி வாங்கிய பிறகுதான் முதல் தவணை கொடுத்தேன்.

போன வாரம் முழுவதையும் எண்ணினோம். மூன்று உருப்படிகளில் வித்தியாசம், மூன்றும் சோதனைக்குப் போய்த் திரும்பாதவை, யாரிடம் இருக்கின்றன என்று திரையிலேயே இருந்தது. போய் வாங்கி வந்தோம்.

சுருள் கட்டும் செம்புக் கம்பியை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. எடை போட்டுக் கொடுக்கிறோம், மிச்சம் எடையில் திரும்பி வருகிறது, எரிந்த சுருளை வெட்டி எடுத்த பழைய செம்பு வேறு ஒரு பக்கம் சேர்கிறது. அது வரவா, இல்லையா என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துவரவில்லை. அதுவரை அது அவர் சட்டைப்பை நோட்டில்தான் இருக்கிறது.