169-ம் 172-ம்

"துணி லேசா இருக்குதுங்களே தம்பி" என்று செக்கிங் டேபிளில் இருந்த அக்கா கேட்டார். யோசிக்காமல் என் வாயில் வந்தது ஒரு எண்தான். "172 இருக்குதுங்கக்கா. நானே வெட்டிப் பார்த்தேன்." அவர் அந்த டீ-ஷர்ட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார். "அப்பச் சரிதானுங். படிச்சவங்க பார்த்தாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸைப் புரட்ட ஆரம்பித்தார்.

அது நம்பிக்கையா, குத்தலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர்ப்பக்கப் பேச்சில் இது ஒரு சிக்கல். மரியாதைக்குப் போடுகிற அதே 'ங்'கைப் போட்டுக்கொண்டே ஆளை உரித்தும் விடுவார்கள்.

கோவையில் டெக்ஸ்டைல் முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பக்கம் சேர்ந்து அப்போது மூன்றாவது மாதம். காங்கேயத்திலிருந்து தினமும் பஸ். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் படித்த படிப்புக்கே வேலை பார்க்கிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆர்டர் 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, டீ-ஷர்ட் தைக்கிற பின்னல் துணி. ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 171-க்குக் கீழே போனால் துணி திரும்பிப் போக வேண்டும். துணியைச் சூட்டோடு அழுத்தி இறுக்குகிற காம்பாக்டிங் முடிந்து நேராக வண்டியில் வந்த ரோல், தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வட்டக் கட்டரை வைத்து அழுத்தித் திருப்பி ஐந்து இடத்தில் வெட்டினேன். ஒரு வட்டம் சரியாக 100 சதுர செ.மீ. தராசில் வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். சராசரி 1.69 வந்தது.

மேனேஜர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சூட்டோட வெட்டுனா அப்படித்தான் தம்பி வரும். ஒரு ராத்திரி பிரிச்சுப் போட்டு வைங்க, காலைல பாருங்க" என்றார். அப்புறம் போகிற போக்கில், "கட்டிங் நின்னா டெய்லருங்க எல்லாம் சும்மா உக்காந்திருப்பாங்க" என்றார். அங்கே பீஸ் ரேட். பீஸ் இல்லாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளம் இளைத்துவிடும்.

சரி, அவர் சொன்னதில் என்ன தப்பு? காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுவேதானே. பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். வணிகக் கணக்கில் அதற்கு 8.5 சதவீதம் என்றே வைத்திருக்கிறார்கள். காம்பாக்டிங்கில் ஈரம் போய்விட்ட துணி எடை குறைவாகத்தான் காட்டும். அதனால் 20 டிகிரியில், 65 சதவீத ஈரப்பதத்தில் துணியைப் போட்டு வைத்திருந்து, அப்புறம்தான் நிறுக்க வேண்டும். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆக நான் செய்தது முறைப்படியான காரியம்தான்.

ஆனால் அன்று ராத்திரி மழை. ஐப்பசி மழை, நடுச்சாமத்துக்கு மேலும் விடவில்லை. துணி கிடந்த ரூமில் ஏ.சி. கிடையாது, ஜன்னல் கதவு ஒன்று பாதிதான் சாத்தும். காலேஜ் லேபில் சுவரில் ஈரப்பதமானி தொங்கும். இங்கே அந்த இடத்தில் பழைய காலண்டர்தான். காலையில் துணியைத் தொட்டதுமே விரலுக்குத் தெரிந்தது, 65-ஐ எல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று என்று. வெட்டினேன். 1.72. எழுதினேன். பாஸ்.

முதல் நாள் எடையும் சரியில்லை, இரண்டாம் நாள் எடையும் சரியில்லை. நிஜ எடை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்திருக்கும். 171-க்கு மேலேயா கீழேயா என்பதுதான் கேள்வி. காலேஜில் விடை தப்பானால் இரண்டு மார்க் போகும். சரியான விடை என்று ஒன்று வாத்தியார் கையில் இருக்கும். படித்து முடித்து வெளியே வந்தபின் எனக்குப் பழக நாளானது இதுதான். வேலைப்பளு இல்லை, பஸ் நெரிசல் இல்லை. விடை யாரிடமும் இல்லை, ஆனால் கையெழுத்து மட்டும் என்னுடையது.

பையரிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை. அந்த வாரம் டெய்லர்களுக்கு முழுச் சம்பளம். கணக்குப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பெரும்பாலும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது. அப்போதே இன்னொரு கேள்வியும் வருகிறது. முதல் நாளே 173 வந்திருந்தால், முறை அது இது என்று அந்தத் துணியை ராத்திரி முழுக்கப் பிரித்துப் போட்டு வைத்திருப்பேனா? அப்போதே எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அக்கா எத்தனை வருஷமாகத் துணி தொடுகிறவர் என்று நான் கேட்டதில்லை. அவர் விரலுக்கு மழை, வெயில், சதவீதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. போன ஆர்டர் துணி மாதிரி இது இல்லை, அவ்வளவுதான். அதற்கு நான், "ஆமாங்கக்கா, எனக்கும் சந்தேகம்தான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது, துணி தைத்து முடிந்தாயிற்று என்று அப்போது தோன்றியது. பொய் சொல்லவில்லை என்றும் தோன்றியது. 172 பொய்யில்லை.

ரிப்போர்ட்டில் வெட்டிய வட்டங்களைப் பின் அடித்து வைப்பது வழக்கம். இரண்டாம் நாள் ஐந்தையும் வரிசையாக அடித்து வைத்தேன். முதல் நாள் ஐந்தையும் கட்டிங் வேஸ்ட் மூட்டையில் போட்டு, கைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியும் விட்டேன். மேனேஜர் அண்ணன் ராத்திரி போட்டு வைக்கச் சொன்னாரே தவிர, அதைச் செய்யச் சொல்லவில்லை.