மோர்ஸ் போனது, ஹாம் தேர்வு போகவில்லை

டர்பன் பக்கம் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்குக்காக நடத்தும் அமெச்சூர் வானொலி நிலையத்துக்கான உரிமம் பற்றி விசாரிப்பவர்கள் இன்னமும் முதலில் கேட்பது மோர்ஸ் தந்திக் குறியீட்டைத்தான். வீட்டில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ அதன் குறுகிய, நீண்ட ஒலிகளான ‘டிட் டா’ காதில் ஏறாமல் பாதியில் விட்டிருப்பார், அந்தப் பயம் அடுத்த தலைமுறைக்கும் வந்துவிடுகிறது. இன்றைக்குத் தென்னாப்பிரிக்க உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. அதை நம்பி ‘அப்படியானால் சுலபம்தானே’ என்று வருபவர்கள்தான் வேறு இடத்தில் சறுக்குகிறார்கள்.

மோர்ஸ் ஏன் சட்டத்தில் புகுந்தது என்பதைப் பார்த்தால், அது ஏன் வெளியேறியது என்பதும் புரியும். 1927 வாஷிங்டன் மாநாட்டு விதிகள்தான் அமெச்சூர் நிலையத்தை இயக்குபவருக்கு மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று உலக அளவில் எழுதி வைத்தன. அன்று கப்பல்களின் அபாய அழைப்பெல்லாம் மோர்ஸில். ஒரு அமெச்சூர் தெரியாமல் அந்த அலைவரிசையில் குறுக்கே வந்தால், ‘நிறுத்து’ என்று அவருக்கு மோர்ஸில்தான் சொல்ல முடியும். அது புரியாதவர் கையில் டிரான்ஸ்மிட்டர் ஆபத்து. காரணம் அவ்வளவுதான்; பிற்காலத்தில் சிலர் சொன்னதுபோல ‘தகுதியானவர்களை வடிகட்டுவது’ நோக்கமல்ல.

கப்பல்களுக்குத் தொல்லை தராத உயர் அலைவரிசைகளில் விலக்கு படிப்படியாக வந்தது. 1947-ல் 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 1959-ல் 144-க்கு மேல், 1979-ல் 30-க்கு மேல் இயங்குபவர்களுக்கு மோர்ஸ் கேட்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் என்றாயிற்று. பிரிட்டன் 1964-லேயே மோர்ஸ் இல்லாத ‘பி’ வகுப்பு உரிமம் கொடுத்தது. முதலில் 420 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும், 1968-லிருந்து 144-லும். தென்னாப்பிரிக்காவில் இந்தப் பிரிவு நிலையத்தின் அடையாளமான அழைப்புக் குறியின் முதல் எழுத்துகளிலேயே தெரியும். மோர்ஸ் தேறியவர் இசட்எஸ், தேறாதவர் இசட்ஆர். இசட்ஆர் என்றால் உயர் அலைவரிசைகளோடு சரி. சிற்றலையில் மொரீஷியஸையோ சென்னையையோ கூப்பிட முடியாது.

அந்தத் தேர்வு எப்படி இருந்தது என்பதற்குப் பிரிட்டனின் நிமிடத்துக்கு 12 சொல் தேர்வு நல்ல உதாரணம். 36 சொற்களை 3 நிமிடத்தில் காதால் கேட்டு எழுத வேண்டும். 4 பிழைக்கு மேல் போனால் தோல்வி. பிறகு ஐந்தைந்து இலக்கமாகப் 10 தொகுதிகள், ஒன்றரை நிமிடம், 2 பிழைதான் அனுமதி. அதேபோல் அனுப்பியும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 5, 13, 20 என்று மூன்று படிகள் இருந்தன. 1991-ல் டெக்னீஷியன் வகுப்புக்கு மோர்ஸ் நீங்கியது, 2000-ல் எல்லாப் படியும் 5 சொல்லாகச் சுருங்கியது, 2007 பிப்ரவரியில் அதுவும் போனது.

வேகம் கூடக்கூட எதனால் தடுக்கி விழுகிறார்கள் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு டிட் ஓர் அலகு; ‘பாரிஸ்’ என்ற சொல்லை 50 அலகு என்று வைத்து வேகத்தை அளக்கிறார்கள். 1.2-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு டிட்டின் நீளம் வினாடியில் கிடைக்கும். 5 சொல் வேகத்தில் 240 மில்லிவினாடி. புள்ளிகளை எண்ணிப் பார்க்க நேரம் இருக்கிறது. 12-ல் 100 மில்லிவினாடி, எண்ணவே முடியாது. எண்ணிப் பழகியவர் 8, 10 சொல் வேகத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நகராமல் நிற்பது இதனால்தான். புத்தகத்தில் புள்ளி, கோடு படம் பார்த்து மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நிச்சயம் வரும். நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மோர்ஸில் டா மூன்று மாத்திரை. கையால் அனுப்பும்போது அதை இரண்டாகச் சுருக்கினால் எதிர்முனையில் இருப்பவருக்கு டிட்டும் டாவும் குழம்பிவிடும். எழுத்துக்கு இடையில் 3 அலகும் சொல்லுக்கு இடையில் 7 அலகும் விடாமல் அனுப்புவது அடுத்த பொதுவான கோளாறு.

1999 பிப்ரவரி 1-ல் கப்பல்களின் புதிய அபாய அழைப்பு முறை முழுமையாக அமலுக்கு வந்தபோது மோர்ஸின் பழைய காரணம் கடலிலேயே முடிந்துவிட்டது. 2003-ல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு விதி 25-ஐத் திருத்தி, எந்த அலைவரிசையானாலும் மோர்ஸ் கேட்பது நாட்டின் முடிவு என்றது. சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் ஜெர்மனியும் அந்த ஆண்டிலேயே நீக்கின. தென்னாப்பிரிக்காவும் இசட்ஆர்காரர்களுக்குச் சிற்றலையைத் திறந்துவிட்டது. (7 மெகாஹெர்ட்ஸ் பட்டை, அதாவது அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பரப்பு, நம் பகுதியில் 7.100-லிருந்து 7.200 வரை விரிந்ததும் இதே மாநாட்டின் கொடைதான். அதை யாரும் நினைவில் வைப்பதில்லை.)

அந்தத் திருத்தத்தின் மறுபாதியைப் பலர் படிப்பதில்லை. மோர்ஸைத் தளர்த்திய அதே விதி, இயக்குபவரின் தொழில்நுட்ப அறிவையும் இயக்கும் திறனையும் ஒவ்வொரு நாடும் சரிபார்த்தே ஆக வேண்டும் என்கிறது. இங்கே உரிமம் தருவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசா, தேர்வை நடத்துவது 1925-ல் தொடங்கிய தென்னாப்பிரிக்க ரேடியோ லீக். வழக்கமாக மே, அக்டோபர் என ஆண்டுக்கு இருமுறை. விதிமுறை ஒரு பகுதி, தொழில்நுட்பம் ஒரு பகுதி. ஒன்றில் அள்ளிக் குவித்து மற்றதைக் கோட்டைவிட்டால் தேற முடியாது. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த பையன்கள் விதிமுறையில் தோற்பது இப்படித்தான்.

தொழில்நுட்பத்தில் முதலில் டெசிபலைக் கையில் எடுங்கள். நம் விதிகளில் சக்தி வரம்பு வாட்டில் இல்லை, ஒரு வாட்டோடு ஒப்பிட்ட டெசிபலான டிபிடபிள்யூ-வில்தான் இருக்கிறது. 10 கூடினால் பத்து மடங்கு, 3 கூடினால் இரு மடங்கு. 20 டிபிடபிள்யூ 100 வாட், 26 என்றால் 400. கால்குலேட்டர் தேவையே இல்லை. அடுத்தது பட்டையின் ஓரம். 7 மெகாஹெர்ட்ஸில் கீழ்ப் பக்கப்பட்டை பயன்படுத்துகிறோம். டயலில் 7.001 என்று காட்டினால் ‘உள்ளேதான் இருக்கிறேன்’ என்று தோன்றும். குரல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும், அது டயலுக்குக் கீழே விழும், அதாவது 6.998 வரை, சட்டத்துக்கு வெளியே. 14 மெகாஹெர்ட்ஸில் மேல் பக்கப்பட்டை, அங்கே 14.347-ஐத் தாண்டக் கூடாது.

ஆண்டெனா கேள்விகளுக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள், நடுவில் இணைக்கும் எளிய கம்பி ஆண்டெனாவான அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14 மீட்டர். கட்டிப் பார்த்தபின் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு) 6.9-ல் குறைவாக இருந்தால் கம்பி நீளம் கூடிவிட்டது என்று பொருள். கணக்குப்படி இரு பக்கமும் 29 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டாமல் பத்துப் பத்தாக வெட்டுங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் வீட்டு மனையில் 20 மீட்டர் நேராக இழுக்க இடம் கிடைக்காது. நடுவைக் கம்பத்தில் ஏற்றி இரு முனையையும் கீழே சரித்துக் கட்டினால் போதும், ஆனால் அப்போது ஒத்ததிர்வு கொஞ்சம் கீழே நகரும் என்பதால் வெட்டுவதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். கடல் காற்றுக்கு இணைப்பு பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து, ரப்பர் டேப்பால் மூடுங்கள்.

பழைய மோர்ஸ் தேர்வின் இடத்தில் இன்று உண்மையில் உட்கார்ந்திருப்பது சிற்றலை செய்முறை மதிப்பீடு. மதிப்பீட்டாளர் முன் ரேடியோவை இயக்கிக் காட்ட வேண்டும். இதை ஒப்புக்குச் செய்கிற சடங்காக நினைப்பவர்கள்மேல் எனக்குப் பொறுமை இல்லை. காற்றில் வந்தபின் மற்றவர் தலையில் விழுவது இவர்களுடைய தவறுகள்தான். பேச்சு நடக்கிற அலைவரிசையின் மேலேயே 100 வாட்டில் டியூன் செய்வார்கள், அதாவது ரேடியோவை ஆண்டெனாவோடு பொருத்துவார்கள். முதலில் காது கொடுங்கள், பிறகு ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா’ என்று கேளுங்கள், ஒரு நிமிடம் தள்ளி இன்னொரு முறை கேளுங்கள். டியூன் செய்ய 5, 10 வாட் போதும். மைக் கெயினை ஏற்றி, அனுப்பும் அளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஎல்சியின் முள் எல்லை தாண்டினால் குரல் சத்தமாகாது, அகலமாகும். பக்கத்து அலைவரிசைக்காரர் கத்துவார். பதிவேட்டில் நேரம் உலக நேரத்தில் எழுத வேண்டும், நம் நேரத்திலிருந்து 2 மணி குறைத்து. இரவு 12.30-க்குப் பேசியது முந்தைய நாள் 22.30 ஆகும். தேதியை மாற்ற மறப்பது மிகச் சாதாரணம்.

மின்வெட்டு வந்தால் பட்டை அமைதியாகிவிடும் என்று பயிற்சிக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. நியாயம்தான், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இரையாத வரை. 100 வாட் ரேடியோ அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய அலாரம் பேட்டரியை நம்பாதீர்கள்.

மோர்ஸை விரும்பிப் படிப்பவர்கள் கட்டாயம் இல்லாத காலத்தில்தான் சந்தோஷமாகப் படிக்கிறார்கள். எழுத்தை 18, 20 சொல் வேகத்திலேயே கேளுங்கள், இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். கே, எம் இரண்டில் தொடங்கி, 90 சதவீதம் சரியாக வந்தபின் ஒரு எழுத்து சேருங்கள். எல்சிடபிள்யூஓ இணையதளம் இதை இலவசமாகச் செய்து தருகிறது. பிறகு 7.030-ல் 5 வாட்டோடு கேட்டுப் பாருங்கள். குரலுக்குச் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் தேவைப்படுகிற இடத்தில் மோர்ஸ் இருநூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால், சின்ன மனையின் சரிந்த கம்பியும் அங்கே தூரம் போகும்.