ஐப்பசி வரட்டும்டா

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுப்பான்னு செயலாளர் அண்ணன் மூணு தடவ வாட்ஸ்அப்ல கேட்டுட்டாரு. எல்லாரும் ஆண்டு விழா, ஹாஸ்டல் சாப்பாடுன்னு எழுதுவீங்க, நான் நம்ம கணக்கு சாரோட ஓட்டுக் கூரைய பத்தி எழுதுறேன்.

2003ல நான் ஒம்பதாப்பு. அந்த வருஷம்தான் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. நம்ம ஸ்கூல்லயும் அவசர அவசரமா ஒரு குழி வெட்டி ஜல்லியும் மணலும் போட்டு, பைப்ப இறக்கி, பார்வையிட வந்தவங்களுக்கு காட்டியாச்சு. பசுமைப் படைக்கு பொறுப்பா இருந்த டீச்சர் எங்களுக்கு பேட்ஜ் குத்திவிட்டு, சுற்றுச்சூழல் மாசுன்னு அஞ்சு மார்க் கேள்விக்கு பதில் எழுதிப் போட்டாங்க. அவங்கள குறை சொல்ல மாட்டேன், போர்ஷனும் முடிக்கணும், ரெக்கார்டும் எழுதணும், சத்துணவு கணக்கும் பாக்கணும், இதுல மரத்தையும் நீங்களே பாத்துக்கங்கன்னா யாரு பாப்பா.

வருஷா வருஷம் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம்னு கன்னு நடுவோம். செட்டிநாட்டு செம்புராங்கல் பூமி, ஜூன் வெயிலு, கடப்பாரை போட்டா தீப்பொறி பறக்கும், ஆடிக்குள்ள எல்லாம் கருகிரும். கணக்கு சார் மட்டும் வராண்டால நின்னு பாத்துட்டு "ஐப்பசி வரட்டும்டா, அப்ப நடுங்க"ன்னு சொல்லுவாரு. ஸ்டாஃப் ரூம்ல அவருக்கு பேரு மழை வாத்தியார், கிண்டலுக்குத்தான்.

அளவியல் நடத்துனப்ப ஒருநாள் பி.டி. சார்கிட்ட லாங் ஜம்ப் டேப்ப வாங்கிட்டு வரச்சொல்லி எங்கள வெளிய கூட்டிட்டு போனாரு. பழைய ஓட்டுக் கட்டடத்த அளந்தோம், நீளம் 42 மீட்டர், அகலம் 9. ஓடு சாய்வா இருக்கே சார், அதுக்கு மேல ஏறி அளக்கணுமேன்னு ஒருத்தன் கேட்டான். "மழைக்கு சாய்வு தெரியாதுடா, உச்சி வெயில்ல எவ்வளவு நிழல் விழுதோ அவ்வளவுதான் அதுக்கு கணக்கு"ன்னாரு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பேஞ்சா ஒரு லிட்டர், அப்ப ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 3780 லிட்டர், ஓடு கொஞ்சம் குடிச்சிரும் அத விடுங்க, 15 லிட்டர் குடத்துக்கு 252 குடம். எங்க அப்பத்தா தெருக்குழாய்ல நாலு குடத்துக்கு விடியக்காலைல சண்டை போட்டுட்டு இருந்த நேரம் அது.

அப்புறம் அப்படியே ஊரணி வரைக்கும் நடந்தோம். பெரிய வீடுகள்ல முற்றத்துல விழுற தண்ணிய அண்டால பிடிச்சது போக மிச்சம் எந்த வாய்க்கால் வழியா ஊரணிக்கு வந்துச்சு, இப்ப அது எங்க அடைஞ்சு கெடக்குன்னு வழி நெடுக குச்சிய வச்சு தோண்டிக் காட்டிட்டே வந்தாரு. நிலைத்தன்மை, சுற்றுச்சூழல்ங்குற வார்த்தையே அவரு வாயில வந்ததில்ல. சுப்ரீம் கோர்ட்டு 1991லயே இந்தப் பாடம் எல்லா ஸ்கூல்லயும் கட்டாயம்னு சொல்லிருச்சுங்கறதெல்லாம் எனக்கு ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

இங்க சிங்கப்பூர்ல தீவுல மூணுல ரெண்டு பங்கு எடத்துல விழுற மழைய பிடிச்சு வச்சுக்கிறாங்க. அப்படிப் பிடிக்கிற மெரினா பராஜ்ங்குற தடுப்பணைல மொத தடவ நின்னப்ப கூட வந்தவங்க செல்ஃபி எடுத்தாங்க, எனக்கு 252 குடம்தான் ஞாபகம் வந்துச்சு, சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல.

போன ஐப்பசில ஊருக்கு போயிருந்தேன். அந்தக் குழிக்கு மேல சிமென்ட் போட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஆக்கிட்டாங்க, தகரக் கூரை. மழை அடிச்சு ஊத்துது, தண்ணி பூரா ரோட்டுல ஓடுது. பொறுக்காம சாருக்கு போன் போட்டேன், ரிட்டயராகி மகன் வீட்ல இருக்காரு, காது கொஞ்சம் மந்தம். கத்தி கத்தி விஷயத்த சொல்லி முடிச்சேன், வருத்தப்படுவாருன்னு நினைச்சா "தகரமா? ஓடு மாதிரி குடிக்காதே, நல்லதுதான். நீளம் அகலம் என்னடா?"ன்னாரு. டேப் இல்ல சார்னேன்.

"கால் இருக்குல்ல, எட்டு வச்சு அளந்து சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."