டென் ஹாக் இருக்கணுமா போகணுமா: ஸ்ட்ரெட்ஃபோர்ட் நாட்குறிப்பு, 2024

மே 24, வெள்ளி

நாளைக்கு வெம்ப்ளில எஃப்.ஏ. கப் ஃபைனல், நம்ம மான்செஸ்டர் யுனைடெட்டும் சிட்டியும். இன்னைக்கு ராத்திரி போய் கார்டியன்ல நியூஸ், ஜெயிச்சாலும் தோத்தாலும் நம்ம மேனேஜர் டென் ஹாக்கை அனுப்பறதுன்னு முடிவாயிடுச்சாம். நானும் அவர் போகணும்னு சொல்ற கட்சிதான், மார்ச்ல இருந்தே சொல்லிட்டிருக்கேன், ஆனா ஃபைனலுக்கு முந்தின நாள் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு நியூஸ் வெளிய வரலாமா. ப்ளேயர்ஸ் எல்லாம் ஹோட்டல்ல உக்காந்து போன்ல இதைத்தானே படிச்சிட்டிருப்பாங்க. 2016ல அப்ப மேனேஜரா இருந்த வான் ஹாலுக்கும் இதே கதிதான், மே 21 கப்பைத் தூக்கினாரு, 23ஆம் தேதி வேலை போச்சு. கப் கையில இருக்கும்போதே நியூஸ் லீக் ஆச்சு. ஓனர் பக்கம் புது ஆளு வந்தும் அதே பழக்கம்.

என் வீட்டுக்காரிக்கு மாசம் நிறைஞ்சிடுச்சு, கால் வீக்கம் அதிகமா இருக்கு. அத்தை வெந்நீர் வச்சுக் குடுத்தாங்க.

மே 25, சனி

2-1!!!

சிட்டியோட க்வார்டியோல் தலையால பின்னாடி தட்டின பந்து அவங்க கீப்பரையே தாண்டிப் போச்சு, கார்னாச்சோ காலி கோல்ல தட்டி விட்டான். அதை லக்குன்னு சொல்லிக்கட்டும். ரெண்டாவது கோல் லக் இல்ல. ராஷ்ஃபோர்ட் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஒரு பந்து, கார்னாச்சோ உள்ள குடுக்கிறான், ப்ரூனோ திரும்பிக்கூடப் பாக்கல, பாக்காமலே நகத்தி விட்டான், அங்க மைனூ. 19 வயசு, ஸ்டாக்போர்ட் பையன், இங்கிருந்து பஸ்ல போற தூரம். நான் கத்துன கத்துல அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டா, உள்ள உதைக்குதுங்கறா. அத்தை "மாப்ள, மெதுவா, புள்ளை பயந்துரும்"ங்கறாங்க.

டோக்கு 87ல ஒண்ணு போட்டான். அதுக்கப்புறம் விசில் வரைக்கும் நான் உக்காரவே இல்ல.

மேட்ச் முடிஞ்சதும் டென் ஹாக் பேசினாரு. ரெண்டு வருஷத்துல ரெண்டு கப், மூணு ஃபைனல், என்னை வேணாம்னா வேற எங்கயாவது போய் ஜெயிப்பேன்னாரு. முகத்துல சிரிப்பே இல்ல. இவரை எப்படி அனுப்புவாங்க இனிமே?

மே 26, ஞாயிறு

காலையில எந்திரிச்சதும் டேபிளைத் திறந்து பாத்தேன். எட்டாவது இடம். 60 பாயிண்ட். 14 தோல்வி, ப்ரீமியர் லீக் ஆரம்பிச்சதுல இருந்து இவ்ளோ தோத்ததே இல்ல. 57 போட்டு 58 வாங்கியிருக்கோம். யுனைடெட்டுக்கு கோல் கணக்கு மைனஸ்ல முடிஞ்சு 1990க்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. சாம்பியன்ஸ் லீக்ல ஆறு மேட்ச்ல 15 கோல் வாங்கி கோபன்ஹேகன், கலாட்டாசராய்க்கும் கீழ கடைசி. நேத்து ராத்திரி இது எதுவுமே என் மண்டையில இல்ல. ஒரு கப் எல்லாத்தையும் மூடிடும், அதனாலதான் கப் ஜெயிச்ச மறுநாள் எந்த ஓனரும் முடிவெடுக்கக் கூடாதுங்கறேன், தோத்த மறுநாளும் கூடாது.

காயம்தான் காரணம்னு அவரு வருஷம் பூரா சொன்னாரு. பொய் இல்ல. ஷா இல்ல, மலாசியா சீசன் பூரா இல்ல, லிசான்ட்ரோ பாதி நாள் இல்ல, கிரிஸ்டல் பேலஸ்ல மிட்ஃபீல்டர் கசெமிரோவை சென்டர் பேக்கா நிக்க வச்சு 4-0 வாங்கினோம். ஆனா மிட்ஃபீல்ட்ல அந்த ஓட்டை? முன்னாடி இருக்கறவங்க ப்ரெஸ் பண்ண மேல ஓடறாங்க, பின்னாடி நாலு பேரு பயந்துக்கிட்டு பாக்ஸ் பக்கம் இறங்கிடறாங்க, நடுவுல ஒரு பஸ்ஸே திரும்பலாம், அந்த இடத்துல 19 வயசுப் பையன் ஒத்தையா நிக்கிறான். மேட்சுக்கு சராசரி 17 ஷாட்டுக்கு மேல எதிராளிக்குக் குடுத்திருக்கோம். ப்ரென்ட்ஃபோர்ட் ஒரே மேட்ச்ல 31 அடிச்சாங்க. இது காயத்தால வர்றது இல்ல, ஆகஸ்ட்ல இருந்து மே வரைக்கும் யாரு ஆடினாலும் அதே ஓட்டை, அதைப் பாத்தும் மாத்தாம இருந்தவரு அவரு. செல்சி மேட்ச்ல 99 நிமிஷம் வரைக்கும் 3-2 லீட்ல இருந்து 4-3 தோத்தோம். கப் செமி ஃபைனல்ல கோவென்ட்ரிகிட்ட 3-0ல இருந்து 3-3. அவங்க போட்ட அந்தக் கடைசி கோல் ஆஃப்சைடுல போகலன்னா நேத்து வெம்ப்ளில நாம இல்லவே இல்ல.

இன்னொரு பக்கம், நேத்து அந்த ஓட்டையை அடைச்சுதானே ஆடினாரு. ப்ரூனோவை முன்னாடி விட்டு, அம்ரபாத்தை நடுவுல போட்டு, எல்லாரையும் நெருக்கி நிறுத்தி. தெரியுது அவருக்கு. தெரிஞ்சும் ஏன் வருஷம் பூரா செய்யல? இதுக்கு எனக்கு பதில் வேணும், கிளப்ல சீசனைப் பத்தி ரிவ்யூ பண்றாங்களாமே, அதுல முதல் கேள்வியா இதைக் கேக்கணும்.

மே 28, செவ்வாய்

ரெண்டு விஷயத்துலயும் நியூஸ் இல்ல.

மே 30, வியாழன்

இப்ஸ்விச் மேனேஜர் மெக்கென்னா அங்கயே புது கான்ட்ராக்ட் போட்டுட்டாரு. என் மனசுல இருந்த ஆளு போயாச்சு. மொரின்யோ, சோல்ஷேர் ரெண்டு பேருகிட்டயும் இங்கயே வேலை பாத்தவரு, கிளப் உள்ள எது அழுகியிருக்குன்னு தெரியும், மூணாவது டிவிஷன்ல இருந்து அடுத்தடுத்து ரெண்டு ப்ரமோஷன். நேத்து பர்ன்லி மேனேஜர் கொம்பனி பயர்ன் போயிட்டாரு, பர்ன்லியோட கீழ் டிவிஷனுக்கு இறங்கினவரு! பயர்ன் எடுத்துட்டாங்க, முடிச்சுட்டாங்க. நாம இன்னும் ரிவ்யூ.

இன்னைக்கு ஸ்கேன். தலை இன்னும் இறங்கலையாம்.

ஜூன் 1, சனி

அதே வெம்ப்ளில சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். டார்ட்மண்ட் டீம்ல சான்சோ. நம்ம ஆளு. செப்டம்பர்ல ட்ரெய்னிங் சரியில்லன்னு டென் ஹாக் வெளிய உக்கார வச்சாரு, அவன் என்னை பலிகடா ஆக்கறாங்கன்னு எழுதினான், அதோட சரி, ஜனவரில லோன்ல அனுப்பியாச்சு. இன்னைக்கு ரியல் மாட்ரிட்டுக்கு எதிரா ஃபைனல் ஆடறான். 2-0 தோத்தாங்க, அது வேற.

அந்தச் சண்டையில நான் கோச் பக்கம்தான். ட்ரெஸ்ஸிங் ரூம்ல கோச் சொல்லு நிக்கணும். ஆனா 40 கோடி பவுண்டுக்கு மேல செலவு பண்ணி, அயாக்ஸ்ல தனக்குத் தெரிஞ்ச ஆளுங்களா கூட்டிட்டு வந்து, ஆன்டனி ஒருத்தனுக்கே எட்டு கோடி பவுண்டுக்கு மேல கொட்டி, இப்ப இவரை அனுப்பினா அடுத்த ஆளு வந்து இவங்க யாரும் வேணாம்னு சொல்லுவாரு. மோய்ஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், ஒவ்வொருத்தரும் விட்டுட்டுப் போன ப்ளேயர்ஸை அடுத்த ஆளு விக்க முடியாம அல்லாடினதுதான் இந்த பத்து வருஷக் கதை. ஆளு வாங்கறதை மேனேஜர் கையில குடுத்தது கிளப்போட தப்பு, அவரோடது இல்ல.

ஜூன் 3, திங்கள்

செல்சி புது மேனேஜரா மரெஸ்காவை எடுத்தாச்சு. பொச்செட்டினோ போய் ரெண்டு வாரம்கூட ஆகல.

எனக்குத் தூக்கம் இல்ல.

ஜூன் 6, வியாழன்

நடக்கச் சொல்லியிருக்காங்க, நடந்தா இறங்குமாம். சாயங்காலம் மூணு பேரும் மெதுவா ஓல்ட் ட்ராஃபர்ட் வரைக்கும் போனோம். எட்டு மணிக்கும் வெயில். மெகாஸ்டோர் பக்கம் நாலஞ்சு பேரு, மத்தபடி காலி. பெஸ்ட், லா, சார்ல்டன் மூணு பேரும் தோள்ல கை போட்டு நிக்கிற சிலைகிட்ட அவ உக்காந்துட்டா. போன மாசம் ஆர்சனல் மேட்ச் அன்னைக்கு மழையில ஒரு மூலையில கூரையில இருந்து தண்ணி அருவி மாதிரி சீட்டு மேல கொட்டிச்சு, அந்த மூலையை அத்தைக்குக் காட்டினேன்.

ஃபெர்குசன் சிலையைப் பாத்து அத்தை "இவரு யாரு மாப்ள, பெரிய தலைவரா"ன்னு கேட்டாங்க. 26 வருஷம் மேனேஜரா இருந்தாரு அத்தைன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "ஆரம்பத்துலயே நல்லா பண்ணாரா"ன்னாங்க.

இல்ல. பண்ணல. 1986 நவம்பர்ல வந்தாரு, 89-90ல 13ஆவது இடம், கூட்டம் போகச் சொல்லி பேனர் பிடிச்சுது. அந்த சீசன்லதான் எஃப்.ஏ. கப் ஜெயிச்சாரு, ஃபாரஸ்ட்கிட்ட மார்க் ராபின்ஸ் போட்ட ஒரு கோல்ல இருந்து ஆரம்பிச்ச கப் அது. டென் ஹாக்கை வச்சுக்கணும்ங்கறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, கோல் கணக்கு மைனஸ், லீக்ல கேவலம், கையில கப், அன்னைக்கு பொறுத்தாங்க, பலன் கிடைச்சுது. ஆனா அன்னைக்கு ஓனர் மார்ட்டின் எட்வர்ட்ஸுக்கும் போர்டுக்கும் ஃபெர்குசன் என்ன பண்றாருன்னு தெரிஞ்சிருந்தது. சின்னப் பசங்க டீமை அடியில இருந்து கட்டிட்டிருந்தாரு, ஸ்கவுட்டிங்கை மாத்தினாரு, ப்ளேயர்ஸோட குடியை நிறுத்தினாரு. கண்ணு மூடிட்டு பொறுக்கல, பாத்துட்டுப் பொறுத்தாங்க. இப்ப புதுப் பங்குதாரர் ராட்க்ளிஃப் வந்தது பிப்ரவரில, 27.7 சதவீதம், மீதி பெரும்பங்கு இன்னும் பழைய ஓனர் க்ளேசர்ஸ் குடும்பத்துக்கிட்ட. ஃபுட்பால் பாத்துக்க ஆஷ்வொர்த் வேணும்னாங்க, அவரு நியூகாசில்ல 'தோட்ட லீவு'ல, அதாவது வேலையை விட்டும் வேற கிளப்புக்குப் போக முடியாம, உக்காந்திருக்காரு. சிஇஓ பெர்ராடா சிட்டில இருந்து ஜூலைலதான் வர்றாரு. அப்ப டென் ஹாக்கை எடை போடறது யாரு? வரப்போற பாஸுங்க வர்றதுக்கு முன்னாடியே மேனேஜர் யாருன்னு முடிவு பண்ணிட்டா அவங்க எதுக்கு?

இதையெல்லாம் நான் சத்தமா சொல்லிட்டிருந்தேன் போல. அவ "வீட்டுக்குப் போலாங்க, இடுப்பு வலிக்குது"ன்னா. வெறும் நடந்த வலிதான்.

ஜூன் 8, சனி

டூகலும் இல்லையாம். பேசிப் பாத்து ஒத்துவரலையாம். பொச்செட்டினோ, டூகல், ஃப்ராங்க், சவுத்கேட், டெ செர்பி, தினம் ஒரு பேரு. டென் ஹாக் லீவுல போன இடத்துல பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி இதையெல்லாம் படிச்சிட்டிருப்பாரு. அவரு ஆட்டம் எனக்குப் பிடிக்கல, இருந்தாலும் எனக்கே நெஞ்சு எரியுது.

ஜூன் 10, திங்கள்

அப்பா போன் பண்ணாரு. பேரு யோசிச்சீங்களான்னு கேட்டாரு. வயித்துல இருக்கும்போது பேசக் கூடாதுன்னு அத்தை தடுத்துட்டாங்க.

ஜூன் 11, செவ்வாய்

இருக்காரு. முடிவாயிடுச்சு. டென் ஹாக்தான்.

ஜூன் 12, புதன்

ராத்திரி பூரா இதே. சந்தோஷப்படணுமா கோவப்படணுமா தெரியல. நேத்து நியூஸ் வந்த உடனே ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன், ஒரு தடவையாவது தூக்கி எறியாம இருந்தாங்களேன்னு.

அப்புறம் யோசிச்சா, இது வச்சுக்கறது இல்லையே. வச்சுக்கறவங்க மே 26 காலையில ஒரு வரி சொல்லியிருப்பாங்க, "அடுத்த சீசனும் இவருதான்", முடிஞ்சுது. ரெண்டு வாரத்துக்கு மேல ஊரெல்லாம் ஆள் பாத்து, ஒருத்தரும் படியாம, கடைசில இருக்கறவரே இருக்கட்டும்னா அதுக்குப் பேரு நம்பிக்கையா? ட்ரெஸ்ஸிங் ரூம்ல இருக்கற ஒவ்வொரு ப்ளேயருக்கும் இது தெரியும். செப்டம்பர்ல ரெண்டு மேட்ச் தோத்தா அன்னைக்கே எல்லாரும் மேல திரும்பிப் பாப்பாங்க, ஓனருக்கே இவரு மேல நம்பிக்கை இல்லைன்னு தெரிஞ்ச ஒரு கோச்சோட பேச்சை எவன் கேப்பான். அதுக்கு அனுப்பியிருக்கலாம். மரியாதையா, கப்போட, நன்றி சொல்லி. அனுப்பறதா இருந்தா அனுப்பணும், வச்சுக்கறதா இருந்தா அவருக்குப் பின்னாடி நிக்கணும். இவங்க ரெண்டும் பண்ணல.

ஜூன் 14, வெள்ளி

யூரோ ஆரம்பம். ஜெர்மனி 5, ஸ்காட்லாந்து 1. பாதில மூடிட்டேன். தேதி தாண்டிட்டுப் போகுது, அடுத்த வாரம் வந்து அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க, மருந்து வச்சு வலி வரவைக்கலாம்னு. அத்தை ஒத்துக்கவே இல்ல, "தானா வரும், அவசரப்படுத்தாதீங்க"ங்கறாங்க. எனக்கு ரெண்டும் சரின்னு தோணுது, எதுவும் சொல்லல.

ஜூன் 17, திங்கள்

டச்சு டிவில யூரோ பத்திப் பேச வந்த டென் ஹாக் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. லீவுல இபிசால இருந்தப்ப திடீர்னு கிளப் ஆளுங்க வாசல்ல வந்து நின்னாங்களாம். டூகல்கிட்டப் பேசினதை அவங்களே ஒத்துக்கிட்டாங்களாம், கடைசில எங்ககிட்ட இருக்கறவரே சிறந்தவருன்னு முடிவுக்கு வந்தோம்னு சொன்னாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. காயம்பட்ட ஆளு சிரிப்பு அது.

ஜூன் 18, செவ்வாய்

ஃபிக்சர் வந்துடுச்சு. முதல் மேட்ச் ஆகஸ்ட் 16, ஃபுல்ஹாம், இங்க. சீசனோட முதல் மேட்சே நாமதான். ராத்திரி பையை எடுத்து வச்சாச்சு. சார்ஜர், டவல், அத்தை குடுத்த விபூதிப் பொட்டலம்.

ஜூன் 20, வியாழன்

பொண்ணு. 3.2 கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

ஜூலை 3, புதன்

கிளப்ல 250 பேரை வேலையை விட்டு எடுக்கப் போறாங்களாம். டிக்கெட், ஆஃபீஸ், இப்படி ஊர் ஆளுங்க பாக்கற வேலைங்க. அவங்களுக்கு எந்த ரிவ்யூ நடந்துச்சு, யாரு போய் வாசல்ல நின்னு பேசினாங்க? மேல நடந்த பத்து வருஷத் தப்புக்கு அடியில இருக்கறவன் சம்பளத்துல கை வைக்கிறாங்க.

பாப்பா பகல்ல தூங்கறா, ராத்திரி முழிச்சிருக்கா.

ஜூலை 4, வியாழன்

ஓட்டுப் போட்டுட்டு வர்ற வழியில நியூஸ். டென் ஹாக்குக்கு எக்ஸ்டென்ஷன், 2026 வரைக்கும். ஒரே ஒரு வருஷம் கூட்டியிருக்காங்க.

இந்த கிளப்ல எக்ஸ்டென்ஷனுக்கு என்ன மரியாதைன்னு நாம பாத்திருக்கோம். மொரின்யோவுக்கு 2018 ஜனவரில போட்டாங்க, டிசம்பர்ல அனுப்பினாங்க. சோல்ஷேருக்கு 2021 ஜூலைல போட்டாங்க, நவம்பர்ல வாட்ஃபோர்ட்ல 4-1, மறுநாள் வேலை போச்சு. ரெண்டு தடவையும் கான்ட்ராக்ட் காசு தண்டம். நிஜமாவே நம்பறாங்கன்னா அந்தக் காசுல அவருக்கு நடுவுல ஓடற ஒரு நம்பர் 6, அதாவது டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கிற மிட்ஃபீல்டர், வாங்கித் தரட்டும், சென்டர் பேக் ஒருத்தன், ஷா காலு போனா நிக்கிறதுக்கு ஒரு லெஃப்ட் பேக், ஆகஸ்ட் 16க்கு முன்னாடி, கடைசி நாள் ராத்திரி வரைக்கும் இழுக்காம. அதைப் பண்ணினா நானும் அவர் பின்னாடி நிப்பேன், சத்தியமா. ஆஷ்வொர்த் இந்த வாரம் சீட்டுக்கு வந்துட்டாரு, முதல்ல அவரு பாக்க வேண்டியது இதுதான்.